பழைய மோட்டார் சைக்கிளும் புதிய மெருகும்

நமது கல்லூரியின் பௌதிகப் பரிசோதனைச் சாலைக்குப் பின்புறத்தே, வேப்பமர நிழலில் உள்ள ஓட்டுக் கொட்டகையில், சென்ற ஓராண்டாக ஒரு மோட்டார் சைக்கிள் நிற்பதை நேயர் பலர் கண்டிருத்தல் கூடும். 1962-ஆம் ஆண்டிற் சென்னையிற் செய்யப்பெற்ற என்பீல்டு புல்லட் அது. இக்கல்லூரியிற் பல்லாண்டுகள் பௌதிகம் கற்பித்து, இளைப்பாறிய பின்னர்க் கர்த்தருக்குள் நித்திரையடைந்த ஆசிரியர் ஒருவருக்கு உரியதாயிருந்தது. சனிக்கிழமை மாலைகளில் அவர் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கையும் ஒரு கட்டுச் சிலேட்டுகளையும் வண்டியின் பின்புறத்தே ஏற்றிக்கொண்டு, சுற்றுப்புறத்துக் கிராமங்களின் இரவுப் பள்ளிகளுக்குச் சென்று வருவார் என்று பழைய மாணவர் இன்றும் கூறுவர். அவருடைய மக்கள் வண்டியைக் கல்லூரிக்கு அளித்தபோது யாதொரு நிபந்தனையும் விதித்திலர். விதித்திருப்பின் இக்கட்டுரை எழுதவேண்டிய அவசியம் நேர்ந்திராது.

அதனை என்ன செய்வது என்பது பற்றி இப்பொழுது இரண்டு கட்சிகள் தோன்றியுள்ளன. மாணவருள் ஒரு சாரார், பின் மட்கார்டை அறுத்து, இருக்கையைக் குறுக்கி, ஹேண்டில்பாரை உயர்த்தி, இஞ்சின் முழுவதற்கும் கறுப்பு வர்ணம் ஏற்றிப் புதுமாதிரி வண்டி ஒன்றாக அதனை ஆக்கிவிட விரும்புகின்றனர். பட்டறைக்காரர் 'ஆல்ட்டரேஷன்' என்று வழங்குவது இதனையே. பழைய மாணவருள் ஒரு சாராரோ, வண்டியை ஆணி ஆணியாகப் பிரித்து, கம்பெனியிலிருந்து வெளிவந்த நாளில் இருந்ததைப் போலவும் அதனினும் மேலாகவும் புதுப்பித்து, நூல்நிலைய வாயிலிற் கண்ணாடிக் கூண்டினுள் நிறுத்த வேண்டும் என்கின்றனர். செலவு முழுவதையும் தாமே ஏற்பதாகவும் பெருந்தன்மையோடு கூறியுள்ளனர். ஆனால் இஞ்சின் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்ன வேண்டும் என்பது அக்கொடையோடு வந்த நிபந்தனை. யாம் இவ்விரு கட்சியிலும் சேர்ந்திலேம். சேராமைக்குக் காரணம் கூறுதல் கடமையாதலின் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதற்கண் இவ்வண்டியின் குலமரபைச் சிறிது அறிதல் நலம். 'ராயல் என்பீல்டு' என்னும் பெயரால் இங்கிலாந்திலுள்ள ரெடிச்சு நகரில் 1901 முதல் மோட்டார் சைக்கிள்கள் செய்யப்பெற்று வந்தன. அது முன்னமே ஊசித் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். 'புல்லட்' என்னும் பெயர் 1930-களின் தொடக்கத்திலேயே அங்கு வழங்கியதாயினும், பின்சக்கரம் சுருள்வில்லின்மேல் ஏறியிறங்கும் அமைப்புடைய 350 சி.சி. வண்டி 1949-இல்தான் விலைக்கு வந்தது. சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். இவ்வளவே அதன் இருதயம். இந்திய அரசாங்கத்தார் எல்லைக் காவலின்பொருட்டு 800 வண்டிகளுக்குக் கட்டளை யளித்ததை ஒட்டி, 1955-இல் ரெடிச்சுக் கம்பெனியாரும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் கூடி 'என்பீல்டு இந்தியா'வைத் தோற்றுவித்தனர். தொடக்கத்திற் கப்பலில் வந்த உறுப்புகளைத் திருவொற்றியூரிற் பூட்டி வந்தனர். 1962 அளவில் எல்லா உறுப்புகளும் இந்நாட்டிலேயே ஆகத் தொடங்கின. ரெடிச்சுத் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. தாய்வீடு அடைபட்ட பின்னரும் சென்னைச் சேய் பழைய வடிவத்தை விடாது காத்து, வார்ப்பிரும்புச் சிலிண்டரையுடைய அந்த இஞ்சினை இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டுவரை செய்து வந்தது.

ஆதலின் இவ்வண்டி உலகிற் கிடைத்தற்கரிய தொன்று என்று யாம் வாதிக்க வந்திலேம். இதனோடு ஒத்த புல்லட்டுகள் நாடெங்கும் ஓடுகின்றன. நம் கொட்டகையிலுள்ளது அரியதாவது வேறொரு வகையால். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மாற்றியமைப்போர் யாவரும் அறிவிலிகள் என்று ஒதுக்குதல் முறையன்று. மோட்டார் சைக்கிளின் சரித்திரத்திற் பாதி, கம்பெனியார் செய்ததை ஏற்க மறுத்த இளைஞரால் எழுதப்பெற்றது. பெல்பாஸ்டு நகரத்து மக்காண்ட்லெஸ் சகோதரர் வகுத்த 'பெதர்பெட்' என்னும் சட்டத்தை நார்ட்டன் கம்பெனியார் 1950-இற் பந்தய வண்டிகளிற் கையாண்டபோது, வளைவுகளில் அத்துணை உறுதியாக நிற்கும் வண்டி வேறில்லை என்று ஓட்டுவோர் வியந்தனர். மற்றொரு புறம், எட்வர்டு டர்னர் வகுத்து 1937-இல் வெளிவந்த டிரயம்பு இரட்டைச் சிலிண்டர் இஞ்சின் விரைவுக்கும் எளிமைக்கும் பேர்பெற்று விளங்கிற்று. ஆங்கிலேய இளைஞர், பெரும்பாலும் கூலிவேலை செய்வோர், இதன் இஞ்சினை அதன் சட்டத்திற் பொருத்தி, இரு பெயரையும் இணைத்து 'டிரைட்டன்' என்று பெயரிட்டனர். இலண்டன் மாநகரின் வடமேற்குப் பெருஞ்சாலையில் 1938-இல் தொடங்கப்பெற்ற 'ஏஸ் கபே' என்னும் சிற்றுண்டிச் சாலை அவர்களுடைய கூடமாயிருந்தது. எந்தக் கம்பெனியாரும் விற்க நினையாத வண்டியை அவர்கள் தம் கையாற் செய்துகொண்டனர். இன்று அக்காலத்து டிரைட்டன் ஒன்றைப் பிரித்து, இஞ்சினை ஒரு டிரயம்பு வண்டிக்கும் சட்டத்தை ஒரு நார்ட்டன் வண்டிக்கும் கொடுத்து, 'இரண்டு அசல் வண்டிகளை மீட்டேன்' என்று ஒருவன் பெருமை பேசுவானாயின், அவன் மீட்டது இரண்டு, கொன்றது ஒன்று என்றே யாம் கணக்கிடுவோம். நம் நாட்டிலும் டீசல் மலிவாயிருந்த காலத்துப் பழைய புல்லட்டிற் சிறு டீசல் இஞ்சினைப் பூட்டி ஓட்டினோர் உளர். என்பீல்டுக் கம்பெனியாரே 'டாரஸ்' என்னும் டீசல் வண்டியை விற்றதும் உண்டு. அழகுக்கும் அதற்கும் வெகுதூரம். எனினும் வயிற்றுப் பாட்டிற் பிறந்த அம்மாற்றத்தை யாம் இகழோம்.

நம் மாணவர் செய்ய விரும்புவது இவ்வினத்தைச் சேர்ந்ததா என்பதே கேள்வி. டிரைட்டன் செய்த இளைஞனுக்கு விரைவு வேண்டியிருந்தது. கடையில் அது கிடைக்கவில்லை. ஆதலால் தானே செய்தான். நம்மவர் வேண்டும் உருவமோ எந்த விற்பனைச் சாலையிலும் புது வண்டியாகவே கிடைக்கின்றது. கடையில் விற்கும் உருவத்தைப் பெறுதற்கு அறுபதாண்டு கடந்த வண்டியை ஏன் அறுக்க வேண்டும்? கைத்திறனைப் பழக்குவதே நோக்கமெனின் அது மிக நன்று. 1990-களிற் செய்யப்பெற்ற புல்லட் ஒன்று பழைய வண்டிச் சந்தையில் எளிதிற் கிடைக்கும். உறுப்புகளும் எங்கும் அகப்படும். அதனை வாங்கி மனம்போல் அறுத்தும் ஒட்டியும் கற்றுக்கொள்ளலாம். யாமும் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு அருகில் நிற்போம்.

சட்டமும் இவ்விஷயத்தில் வாய்மூடி யிருக்கவில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சீட்டிற் கண்ட விவரங்கள் கம்பெனியார் முதலிற் குறித்தவற்றுக்கு மாறாகும் வண்ணம் வண்டியை மாற்றுதல் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. 2021-இல் மத்திய அரசாங்கத்தார் வெளியிட்ட விதிகளோ, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டுப் பழைய வடிவிலேயே பேணப்பெற்று, சட்டம், உடல், இஞ்சின் ஆகியவற்றிற் பெருமாறுதல் அடையாத வண்டிகளைத் தனி வகுப்பாக வைத்து, 'வி.ஏ.' என்னும் எழுத்துக்கள் அமைந்த பதிவெண்ணை அவற்றுக்கு வழங்குகின்றன. புதிதாய்ப் பதிவதற்குக் கட்டணம் 20,000 ரூபாய். அவ்வாறு பதிந்த வண்டியை நாள்தோறும் ஓட்டுதல் கூடாது; கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி முதலியவற்றுக்கு எடுத்துச் செல்லலாம். நம் வண்டி இவ்வகுப்பிற் சேரும் தகுதி உடையது. ஹாக்ஸா வாள் சட்டத்தில் ஒருமுறை ஏறியிறங்கிய பின் அத்தகுதி போய்விடும்.

இதுவரை கூறியதைக் கேட்டு மற்றைக் கட்சியினர் மகிழ்ந்திருத்தல் கூடும். அவர்களோடு எமக்குள்ள வழக்கு இதனினும் பெரிது.

புதுப்பித்தல் என்னும் சொல்லே சற்று ஆராயத்தக்கது. பழைய வண்டியைப் பழைய நிலைக்குக் கொணர்தல் ஒன்று. பழைய வண்டியைப் புது வண்டி ஆக்குதல் மற்றொன்று. இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதன் பெயரை அதற்கு இடுகின்றனர். 1920-களிற் செய்யப்பெற்ற வண்டிகளின் பளபளக்கும் உறுப்புகள் நிக்கல் முலாம் பூசப்பெற்றவை. குரோமியம் முலாம் அப்பத்தாண்டின் முடிவிலேதான் மோட்டார் சைக்கிள்களிற் பரவத் தொடங்கிற்று. நிக்கல் சற்றே மஞ்சள் கலந்த மென்மையான ஒளி தரும். குரோமியம் நீலம் பாய்ந்த கடுமையான ஒளி தரும். அங்ஙனமிருந்தும், 1925-ஆம் ஆண்டு வண்டிக்குக் குரோமியம் பூசி, 'அசலினும் அசல்' என்று பரிசு கேட்போர் உலகெங்கும் உளர். பழைய வாகனங்களைப் பேணும் சர்வதேசச் சங்கத்தார், 1964-ஆம் ஆண்டின் வெனிசுச் சாசனம் பழங்கட்டடங்களுக்கு வகுத்த நெறியைப் பின்பற்றி, 2012-இல் டூரின் சாசனம் என ஒன்றை ஏற்படுத்தியதற்கு இத்தகைய ஆர்வமிகுதியும் ஒரு காரணம் போலும். உள்ளதை உள்ளபடி காத்தல் முதன்மையானது. புதுப்பித்தல் அதற்குப் பின்னது என்பது அதன் போக்கு.

நம் வண்டியின் பெட்ரோல் டாங்கியைப் பாருங்கள். வலப்புறத்து வர்ணம் பெரும்பாலும் போய்விட்டது. இடப்புறத்திலோ பொன்னிறக் கோடு இன்னும் நிற்கின்றது. சென்னை என்பீல்டுத் தொழிற்சாலையில் அக்கோடுகளைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இடுவது வழக்கம். உற்று நோக்கினால் முழங்கால் படியும் வளைவிற் கோடு மயிரளவு தடித்துப் பின் மெலிவது தெரியும். ஓர் ஓவியத் தொழிலாளி மூச்சையடக்கி இழுத்து, வளைவு கடந்ததும் மூச்சை விட்ட இடம் அது. டாங்கியைச் சுரண்டிப் புது வர்ணம் அடித்தால், அதனினும் நேரான கோடு வரும் என்பதில் ஐயமில்லை. அந்த மனிதன் போய்விடுவான்.

இனி, எமக்கு மிக்க கவலை தருவதாகிய இஞ்சினின் மேற்பரப்பைப் பற்றிச் சற்று விரித்துரைப்போம். இரு கட்சியினரும் ஏனைய எல்லாவற்றிலும் மாறுபட்டாலும், இஞ்சின் இப்பொழுதுள்ள நிலையில் இருத்தலாகாது என்னும் ஒன்றில் உடன்படுகின்றனர். ஒருவர் கறுப்பு என்பர். ஒருவர் கண்ணாடி என்பர்.

புல்லட் இஞ்சின் ஒரே பொருளால் ஆயதன்று. சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதன் தலை அலுமினியக் கலப்பு, கிராங்கு கேஸ் அலுமினிய வார்ப்பு, டைமிங் மூடியும் செயின் மூடியும் அலுமினியமே எனினும் தொழிற்சாலையிலேயே மெருகிடப்பெற்றவை. இவை வெவ்வேறு முகமுடையனவாய் நிற்பது காரணமின்றி யன்று. இரும்பு துருவேறும்; ஆதலின் சிலிண்டருக்கு மெல்லிய கறுப்பு. அலுமினியம் தன்மேல் தானே ஒரு மெல்லிய திரையை உண்டாக்கித் தன்னைக் காக்கும். ஆதலின் கிராங்கு கேஸை வார்ப்பச்சிலிருந்து வந்தபடியே, சற்றுச் சொரசொரப்பாக, சாம்பல் நிறத்தோடு விட்டுவிட்டனர். மூடிகள் மட்டும் ஓட்டுவோன் காலடியிற் பளபளக்கும். கறுப்பு, சாம்பல், வெள்ளி என்னும் மூன்றும் ஒன்றையொன்று எடுத்துக் காட்டுவதே இவ்விஞ்சினின் அழகு. எல்லாவற்றையும் கறுப்பாக்கினாலும் எல்லாவற்றையும் மின்னச் செய்தாலும் அழிவது இவ்வேறுபாடுதான்.

கறுப்பு வர்ணம் வெப்பத்தை நன்கு வெளிவிடும். ஆகையால் இஞ்சின் குளிர்ந்திருக்கும் என்று மாணவர் ஒருவர் எம்மிடம் பௌதிகம் பேசினார். அவர் கூறியதிற் பிழையில்லை, அளவைத்தான் மறந்துவிட்டார். கறுப்புப் பரப்பு மெருகிட்ட பரப்பினும் மிகுதியாக வெப்பத்தை வீசுவது உண்மை. ஆனால் காற்றாற் குளிரும் இஞ்சினின் வெப்பத்திற் பெரும்பகுதியை எடுத்துச் செல்வது துடுப்புகளிடையே பாயும் காற்றே. வர்ணத்தின் நிறத்தைக் காட்டிலும் அதன் கனமே இங்குக் கவனிக்கத்தக்கது. மெல்லிய பூச்சு தீங்கு செய்யாது. தடித்த பூச்சு போர்வையாகிவிடும். 'பவுடர் கோட்டிங்' என்னும் தூள்பூச்சை உலையில் ஏறக்குறைய 200 பாகை செண்டிகிரேடு வரை சுடவைத்து உருக்கி ஏற்றுகின்றனர். சைக்கிள் சட்டத்துக்கும் வாயிற்கதவுக்கும் அது நன்று. பழைய கிராங்கு கேஸிலோ, அறுபதாண்டு எண்ணெய் வார்ப்பின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கின்றது. சூட்டில் அது வெளிவந்து பூச்சைக் கொப்புளமாக்கும். திருகு மறைகளிலும் மூடிகள் பொருந்தும் முகங்களிலும் பூச்சுப் படிந்தால் எண்ணெய்க் கசிவுக்கு வேறு வழி தேடவேண்டுவதில்லை. புல்லட்டுக்கு அவ்விஷயத்திற் பிறர் உதவி ஒருபொழுதும் தேவைப்பட்டதன்று.

குரோமியத்தைப் பற்றி ஒருசொல். அலுமினியத்தின்மேல் அது நேரே பற்றுவதில்லை. முதலில் துத்தநாகத் திரை, பின்னர்ச் செம்பு, அதன்மேல் நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலாக மிக மெல்லிய குரோமியம் என்று அடுக்கவேண்டும். அடியில் ஓரிடத்தில் அழுக்கு நின்றாலும் சில மழைக்காலங்களில் முலாம் தோலுரியும். முலாந்தொட்டிகளிற் பயன்படும் ஆறு வலுவெண் குரோமியம் புற்றுநோய் விளைக்கும் நஞ்சு. இராணிப்பேட்டையில், மூடப்பட்ட குரோமேட்டுச் சாலை ஒன்றின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரைக் கெடுத்த செய்தியை நாம் அறிவோம். அது தோல் பதனிடுதற்குரிய சரக்குச் செய்த சாலையாயினும் நஞ்சு ஒன்றே. கம்பெனியார் பூசாத இடத்தில் நாம் அதனைப் பூசுதற்குக் காரணம் காணோம்.

எஞ்சியது கண்ணாடி மெருகு. பார்வைக்கு இதுவே மிக நிரபராதியாகத் தோன்றும். யாம் மிக அஞ்சுவதும் இதனையே. கிராங்கு கேஸை முதலிற் பட்டைத்தாளாலும் பின்னர்ப் பஃப் சக்கரத்தாலும் தேய்த்தால் வார்ப்பின் தோல் முழுவதும் போய்விடும். வார்ப்பாலையின் அடையாளங்கள் மழுங்கும். விளிம்புகள் உருளும். அடித்துப் பொறித்த இஞ்சின் எண்ணும் தேயும். அது தேய்ந்தபின் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டி இன்னதென்று மெய்ப்பித்தல் எங்ஙனம்? வர்ணத்தைக் கரைப்பானால் நீக்கலாம். தேய்ந்த உலோகத்தை எவர் திருப்பித் தருவார்? இதனாலேயே, மாணவர் அடிக்க விரும்பும் கறுப்பு வர்ணம், பெரியோர் வேண்டும் கண்ணாடி மெருகைக் காட்டிலும் குறைந்த குற்றம் என்று யாம் கூறத் துணிகின்றோம். கொடையாளர் எம்மைப் பொறுப்பாராக. வர்ணம் பத்தாண்டுப் பிழை. மெருகு என்றைக்குமுள்ள பிழை.

அழுக்கை நீக்கும் வகையிலும் எச்சரிக்கை வேண்டும். விரைந்து வேலை முடிக்க விரும்புவோர் மணலைக் காற்றழுத்தத்தால் வீசிச் சுத்தம் செய்வர். கோயிற் சுவர்களைத் துப்புரவு செய்வதாகக் கூறி மணல் வீசியதிற் கல்வெட்டெழுத்துக்கள் தேய்ந்துபோனதைச் சாசன ஆராய்ச்சியாளர் வருந்திக் கூறியுள்ளனர். கருங்கல்லுக்கே அந்நிலையெனின் அலுமினியத்துக்கு என்னாம்? அன்றியும் புல்லட்டின் கிராங்கு கேஸிலும் டைமிங் மூடியிலும் எண்ணெய் செல்லும் குறுகிய வழிகள் உள்ளேயே துளைக்கப்பெற்றுள்ளன. எம் நண்பர் ஒருவர் தம் வண்டியின் கிராங்கு கேஸை ஒரு பட்டறையிற் கொடுத்தார். அவ்வழிகளை அடைக்காமலே மணல் வீசினர். வெள்ளைவெளேரென்று வந்த இஞ்சினை அவர் ஆசையோடு பூட்டி ஓட்டினார். ஐம்பது மைல் போவதற்குள் கனெக்டிங் ராடின் அடிப்புஷ் அரைபட்டு வழியில் நின்றார். வெளியே அழகு செய்த மணலே உள்ளே இருந்து கொன்றது. வேலையாளின் நுரையீரலுக்கும் அம்மணற்றூள் ஆகாது. நீரோடு நுண்ணிய கண்ணாடி மணிகளைக் கலந்து வீசும் முறை இதனினும் மென்மையானது, தூசியும் எழாது. ஆயினும் மண்ணெண்ணெய், தூரிகை, மூங்கிற் குச்சி, இவற்றோடு விடுமுறை நாட்கள் சில கிடைப்பின், அதுவும் வேண்டுவதில்லை என்பது எம் அனுபவம்.

தமிழ் பயில்வோர் இதனை எளிதில் உணர்வர் என்று நம்புகின்றோம். உ. வே. சாமிநாதையர் 1887-இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியது எதற்காக? செல்லரித்த இடத்தைத் தம் புலமையால் நிரப்பிவிடும் ஆற்றல் அவருக்கு இல்லாமலா? சுவடியில் இல்லாத செய்யுளை இடையிற் செருகுவோனும், இருக்கின்ற பாடம் தன் காதுக்கு இனிக்கவில்லை என்று திருத்துவோனும் நூலுக்குச் செய்யும் தீங்கு ஒன்றே. முன்னவனை நம் மாணவர் கட்சிக்கும் பின்னவனை மெருகுக் கட்சிக்கும் ஒப்பிடலாம். தனியே ஒரு நூல் எழுத வல்லவன் எழுதுக. அதனை எவர் தடுத்தார்?

இங்ஙனம் கூறுவதால் ஓர் அணுவையும் தொடலாகாது என்பது எம் கருத்தென்று கொள்ளற்க. உயிரைக் காக்கும் மாற்றங்களைத் தயங்காது செய்யவேண்டும். பழைய பிரேக்கு லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருத்தல் கூடும். அதனை ஊதித் துடைக்காமல் நனைத்தெடுத்து அகற்றி, அது கலவாத புது லைனிங் இடுதல் முறை. வெடித்த டயரும், உறை நொறுங்கிய மின்கம்பிகளும் அருங்காட்சிக்கும் தகுதியற்றவை. பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்து விற்கும் இக்காலத்திற் பழைய ரப்பர்க் குழாய்கள் இளகிக் கெடும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால் டாங்கியின் உள்ளே துருவும் மிகும். குழாய்களை மாற்றுவதிலும், ஓடாத நாட்களில் டாங்கியை வடித்து வைப்பதிலும் தவறில்லை. சிலிண்டர் தேய்ந்திருந்தாற் போர் செய்து அளவு கூடிய பிஸ்டன் இடலாம். கம்பெனியாரே அதற்கு இடம் வைத்திருக்கின்றனர். கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் சீட்டு எழுதிக் கட்டிப் பெட்டியில் வைத்தல் வேண்டும். பின்வருவோர் எம் செயலைத் தவறெனக் கண்டால் திருத்திக்கொள்ள வழியிருக்க வேண்டுமன்றோ?

ஆனால் கியர் மிதியை இடப்புறம் மாற்றுவதை யாம் ஒப்போம். இவ்வண்டியிற் கியர் வலக்காலில், பின் பிரேக்கு இடக்காலில். இன்றைய பழக்கத்துக்கு இது தலைகீழ் என்பது மெய்யே. கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

இனி, முன்னர்ப் பின்னாற் கூறுவதாக விட்ட செய்திக்கு வருவோம். வண்டியின் பின்புறத்தே ஓர் இரும்புக் காரியர் உளது. கம்பெனியார் கொடுத்ததன்று; உள்ளூர்க் கொல்லர் ஒருவர் பட்டையிரும்பை வளைத்து ஆணியடித்துச் செய்தது. அதன் நடுவில் ஒரு வளையம். பெட்ரோமாக்ஸ் விளக்கின் அடிப்பாகம் அவ்வளையத்தில் அசையாமல் அமரும். வளையத்தைச் சுற்றிப் பழைய ரப்பர்த் துண்டு ஒன்றைக் கம்பியாற் கட்டியிருக்கின்றார், மேடு பள்ளங்களில் விளக்கின் மாண்டில் உதிராமல் இருத்தற்பொருட்டு. பக்கத்தே சிலேட்டுகள் நிற்கும் சட்டம். அதன் இரும்பு ஒருபுறம் சிலேட்டின் மரவிளிம்பு உராய்ந்து உராய்ந்து பளபளத்துள்ளது. இவ்வண்டியில் யாம் கண்ட மெருகுகளுள் விலைமதிக்கத் தக்கது அதுவொன்றே.

மாணவர் கட்சி, பின் மட்கார்டோடு அக்காரியரையும் அறுத்தெறியும். பழைய மாணவர் கட்சி, அது கம்பெனியின் உறுப்பு அன்று என்னும் காரணத்தால் அதனைக் கழற்றிவிடும். அன்பர் ஒருவர் எழுதிய குறிப்பில், 'பிற்காலத்துச் சேர்க்கைகளை நீக்குக' என்னும் தலைப்பின்கீழ் முதலாவதாகக் கண்டிருப்பது அக்காரியரே. அது மாற்றியமைத்தல்தான், யாம் மறுக்கவில்லை. அதுவே இவ்வண்டியை நாட்டிலுள்ள மற்றெல்லாப் புல்லட்டுகளினின்றும் வேறுபடுத்துவது. அதனை நீக்கிவிட்டுக் கண்ணாடிக் கூண்டிலே நிறுத்தினால், நூல்நிலையத்திற்கு வருவோர் ஒரு கம்பெனியின் சரக்கைக் காண்பர். நம் ஆசிரியரைக் காணார்.

ஆகவே கொடையாளர்க்கு யாம் பணிந்து தெரிவிப்பது இது. மெருகு நிபந்தனையை நீக்கி அளிப்பின் பொருளை நன்றியோடு ஏற்போம். நீக்க இயலாதெனின் நன்றியோடு மறுத்துவிடுமாறு கல்லூரித் தலைவரைக் கேட்டுக்கொள்வோம். குழாய், டயர், லைனிங், கம்பி ஆகியவற்றுக்கு வேண்டுவது பெருந்தொகையன்று. வேலை செய்ய மாணவர் உளர். சட்டத்தை அறுக்க வந்தவருள் இருவர், சென்ற மாதம் முதல் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தோடு கிராங்கு கேஸின் முன் அமர்ந்திருக்கின்றனர் என்பதையும் மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கின்றோம். இஞ்சின் எண் முழுதும் தெளிவாகப் புலப்பட்டுவிட்டது. பதிவுச் சீட்டோடு ஒத்தும் இருக்கின்றது.

செயின் மூடியைப் பற்றித்தான் இன்னும் முடிவு செய்யக்கூடவில்லை. அதன்மேல் எவரோ எப்பொழுதோ வெள்ளி வர்ணம் அடித்திருக்கின்றனர். ஆசிரியர் தாமே அடித்ததாயின் அதனை விட்டுவைப்பதா, பின்வந்த மெக்கானிக் அடித்ததாயின் நீக்குவதா என்பது வழக்காயிருக்கின்றது. 1960-களிலும் 70-களிலும் இக்கல்லூரியிற் பயின்றோரிடம், வண்டி தென்படும் புகைப்படம் ஏதேனும் இருப்பின், சிறிதாயினும் மங்கியதாயினும், பௌதிகப் பகுதிக்கு அனுப்பி உதவுமாறு வேண்டுகின்றோம். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்புவோம். அக்காலத்துத் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தோர் எவரேனும் நேயர் குடும்பங்களில் இருப்பின், சனிக்கிழமை மாலைகளிற் கொட்டகைக்கு அழைத்து வருக. அதுவரையில் அம்மூடியைத் துணியிற் சுற்றித் தொடாமல் வைத்திருப்போம்.